பட்டியல் விலையும் கைக்கு வரும் விலையும்

காஞ்சிரங்குளம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் தகரப் பெட்டி ஒன்று இருப்பது வழக்கம். நிலப் பத்திரங்களுக்கும் வரி ரசீதுகளுக்கும் அடியில், நூலால் கட்டிய கடிதக் கட்டு ஒன்று அதில் கிடக்கும். உறைகளின் மூலையில் சங்கு பொறித்த சிறிய அஞ்சல் தலை ஒட்டியிருக்கும். திருவிதாங்கூர் அஞ்சலின் தலை அது. சில வீடுகளில் ஆர்வமுள்ள பெரியவர் ஒருவர் அத்தலைகளைப் பொறுமையாகச் சேர்த்து ஆல்பமாகவும் அமைத்திருப்பார். அப்படிப்பட்ட ஆல்பம் ஒன்று அண்மையில் நமது கிளையின் மேசைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்த வாடிக்கையாளரின் அனுபவம் வேறு பல குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால், அவரது இசைவுடன், அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மட்டும் மாற்றி இங்கே எழுதுகிறோம்.

தந்தையார் காலமான பின் அண்ணனும் தங்கையும் சொத்தைப் பிரித்துக்கொண்டனர். வீட்டு மனையில் இருவருக்கும் சம பாகம். எஞ்சியவை இரண்டு: வைப்புத்தொகை 4,50,000 ரூபாய், தந்தையார் ஐம்பது ஆண்டுகளாகச் சேர்த்த அஞ்சல் தலை ஆல்பம். குடும்பத்து இளைஞர் ஒருவர் வெளிநாட்டு விலைப்பட்டியல் நூல் ஒன்றை வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் அமர்ந்து, ஒவ்வொரு தலைக்கும் எதிரே விலையைக் குறித்தார். பவுண்டை ரூபாயாக மாற்றிக் கூட்டியபோது 4,30,000 ரூபாய் வந்தது. ஏறத்தாழச் சமம் என்று இருவருமே கருதினர். அண்ணன் வைப்புத்தொகையை எடுத்துக்கொண்டார். தந்தையின் நினைவாக இருக்கட்டும் என்று தங்கை ஆல்பத்தை ஏற்றார். எவர் மனத்திலும் வஞ்சம் இல்லை.

எட்டு மாதம் கழித்து, மகளின் நர்சிங் படிப்புக்குக் கட்டணம் செலுத்த வேண்டிய வேளையில், அந்த அம்மையார் ஆல்பத்துடன் கிளைக்கு வந்தார். “இதை ஈடாக வைத்து இரண்டு லட்சம் தர முடியுமா, சார்?” என்று கேட்டார். அதற்கு முன்பே அவர் மூன்று வணிகர்களைப் பார்த்திருந்தார். ஒருவர் முழு ஆல்பத்துக்கும் 30,000 ரூபாய் சொன்னார். இன்னொருவர் 36,000 ரூபாய் வரை வந்தார். மூன்றாமவர் ஆல்பத்தை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டு கடித உறைகளை மட்டும் 22,000 ரூபாய்க்குக் கேட்டார். மூவருமே தம்மை ஏமாற்றப் பார்ப்பதாக அந்த அம்மையார் உறுதியாக நம்பினார்.

அவர்கள் ஏமாற்றவில்லை என்பது நமது கருத்து. பிழை நடந்தது வணிகரின் கடையில் அன்று. பாகப்பிரிவினை நடந்த நாளில், வீட்டுத் திண்ணையில். விலைப்பட்டியலில் அச்சான தொகையை வங்கி இருப்புக்கு நிகராக எழுதியதே அப்பிழை.

ஆல்பத்தில் இருந்தவை

திருவிதாங்கூர் சமஸ்தானம் தனக்கென ஓர் அஞ்சல் துறையை நடத்திவந்தது. இன்று தமிழில் கடிதப் போக்குவரத்து முழுவதையும் குறிக்கும் ‘அஞ்சல்’ என்ற சொல்லே அங்கு அத்துறையின் பெயராக இருந்தது. அதன் முதல் தலைகள் 1888ஆம் ஆண்டு வெளியாயின. அரசின் சின்னமான வலம்புரிச் சங்கே அவற்றின் உருவம். மதிப்புகள் சக்கரத்தில் குறிக்கப்பட்டன. 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு ரூபாய். 1911 முதல் அரசு அலுவலகங்களின் பயன்பாட்டுக்கெனத் தனி மேலச்சுடன் தலைகள் வந்தன. 1931இல் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் முடிசூட்டு விழாவுக்கும், 1937இல் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தைப் போற்றியும் சிறப்புத் தலைகள் வெளியிடப்பட்டன. 1939ஆம் ஆண்டு வரிசையில் அஷ்டமுடிக் காயலும் கன்னியாகுமரியும் பேச்சிப்பாறை நீர்த்தேக்கமும் இடம்பெற்றன. 1941இல் ஆலுவா மார்த்தாண்டவர்மா பாலம் ஒரு தலையில் தோன்றியது. 1949 ஜூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது, பழைய தலைகளின் மேல் பை, அணா மதிப்புகள் அச்சிடப்பட்டுப் புழக்கத்துக்கு வந்தன. 1951இல் அஞ்சல் துறை இந்திய அஞ்சலோடு இணைந்தது.

கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய வட்டங்கள் 1956 நவம்பர் முதல் நாள் வரை இதே ஆட்சிப் பரப்பில்தான் இருந்தன. ஆகவே எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள வீடுகளில் ஒரே வகைத் தலைகள் கிடைக்கின்றன. ‘நாடே மறைந்துவிட்டது, இனி அச்சாகாது, எனவே இவை அரியவை’ என்று பலரும் எண்ணுவது இதனால்தான். ஆனால் அறுபது ஆண்டுக்கு மேலாக ஊர்தோறும் கடிதம் சுமந்த தலைகள் இவை. ஒரு சக்கரம், அரைச் சக்கரம் போன்ற சிறு மதிப்புத் தலைகள் மிகப் பெரும் எண்ணிக்கையில் அச்சாயின. பழையது எல்லாம் அரியதன்று. அரியது எல்லாம் விரும்பப்படுவதும் அன்று. ஒரு பொருளுக்கு விலை ஏற வேண்டுமானால், கிடைக்கும் பிரதிகளைவிடத் தேடும் கைகள் அதிகமாக இருக்க வேண்டும். திருவிதாங்கூர்த் தலைகளைத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உண்டு என்றாலும், அவர்களில் பெரும்பாலோரிடம் சாதாரணச் சங்குத் தலைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவர்கள் தேடுவது தம்மிடம் இல்லாத சிலவற்றை மட்டுமே.

பட்டியல் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது?

அஞ்சல் தலைப் பட்டியல் நூல்கள் தோன்றிய விதத்தை அறிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இங்கிலாந்தின் ஸ்டான்லி கிப்பன்ஸ் என்னும் வணிகர் 1856இல் தொழில் தொடங்கி, 1865இல் தம் முதல் விலைப்பட்டியலை வெளியிட்டார். தம் கடையில் எந்தத் தலை என்ன விலைக்குக் கிடைக்கும் என்று வாடிக்கையாளருக்கு அறிவிப்பதே அதன் நோக்கம். இன்று உலகெங்கும் புழங்கும் கிப்பன்ஸ் பட்டியல் அந்த மரபில் வந்தது. அதில் காணும் விலை, நல்ல நிலையில் உள்ள பிரதியை அந்நிறுவனம் விற்கும் விலை. அமெரிக்காவின் ஸ்காட் பட்டியலும் சில்லறையில் வாங்குபவர் தர வேண்டியிருக்கும் தொகையையே குறிக்கிறது. வீட்டில் இருப்பவர் விற்கப் போனால் என்ன கிடைக்கும் என்பதை இந்நூல்கள் சொல்வதில்லை. சொல்வதாகக் கூறிக்கொள்வதும் இல்லை. நூலின் முன்பகுதியில் உள்ள விளக்கக் குறிப்பைப் படிக்காமல் நேராக விலைப் பத்திக்குச் செல்லும் நாமே அப்படிப் பொருள் கொள்கிறோம்.

அவ்விளக்கக் குறிப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. கிப்பன்ஸ் பட்டியலின் பல பதிப்புகளில் மிக மலிவான தலைக்கும் குறைந்தது 10 பென்ஸ் என்று விலை அச்சாகியிருக்கும். அதே வேளையில், அந்நிறுவனத்திடம் ஒரு தலையைத் தனியாக வாங்கினால் குறைந்தபட்சக் கட்டணம் ஒரு பவுண்ட் என்றும் அதே நூல் அறிவித்திருக்கும். அப்படியானால் அந்த 10 பென்ஸ் என்பது என்ன? பெட்டியில் தேடி எடுத்து, சரிபார்த்து, உறையிலிட்டு அனுப்பும் உழைப்பை மனத்தில் கொண்டு இட்ட அடையாள மதிப்பு அது. தலைக்கு உரிய விலையாக அதைக் கொள்ள முடியாது. ஆயிரம் சாதாரணத் தலைகளை வைத்திருப்பவர் 10 பென்ஸ் வீதம் பெருக்கி நூறு பவுண்ட் என்று எழுதிக்கொள்வார். வணிக உலகில் அத்தகைய தலைகள் கிலோக் கணக்கில் எடை போட்டு விற்கப்படுகின்றன.

ஆகவே இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘இந்தத் தலை என்னிடம் இல்லை, நல்ல பிரதி ஒன்றை நாளை வாங்க எவ்வளவு ஆகும்?’ என்பது ஒன்று. ‘இந்தத் தலை என்னிடம் இருக்கிறது, நாளை விற்றால் எவ்வளவு கிடைக்கும்?’ என்பது மற்றொன்று. பட்டியல் முதற் கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது. திருட்டு, தீ ஆகியவற்றுக்கு எதிராகக் காப்பீடு செய்வோருக்கு அந்த விடை பயன்படும். இழந்ததை மீண்டும் வாங்க ஆகும் செலவு அது. பாகப்பிரிவினைக்கும் கடனுக்கும் ஓய்வுகாலத் திட்டத்துக்கும் வேண்டியது இரண்டாம் கேள்வியின் விடை.

நான்கு லட்சம் முப்பத்தாறாயிரம் ஆன கதை

36,000 ரூபாய் சொன்ன வணிகர் தம் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அதை வரி வரியாகப் பார்த்தோம்.

முதல் வரி, அடையாளம் காண்பதில் நேர்ந்த பிழை. திருவிதாங்கூர்த் தலைகளில் உருவமும் நிறமும் ஒன்றாகவே இருக்க, தாளில் உள்ள நீர்க்குறியும் ஓரத்துத் துளைகளின் அளவும் வேறுபடும். வெளிச்சத்தில் பிடித்தோ தனி அளவுகோல் வைத்தோ பார்த்தால்தான் இவை தெரியும். பட்டியலில் ஒரே தலைக்கு எதிரே இவ்வாறான வகைகள் அடுத்தடுத்து இருக்கும். சாதாரண வகைக்குச் சில பென்ஸ், அரிய வகைக்குப் பல பவுண்ட். கணக்கெழுதிய இளைஞர் ஐயம் வந்த இடத்தில் பெரிய தொகையை எடுத்துக்கொண்டார். அவ்வாறு ஆறே ஆறு தலைகள் 1,40,000 ரூபாயைச் சேர்த்திருந்தன. ஆறுமே சாதாரண வகை.

இரண்டாம் வரி, ஏறத்தாழத் தொள்ளாயிரம் மலிவுத் தலைகள். தலைக்கு ஐம்பது ரூபாய் வீதம் 45,000 ரூபாய் எழுதப்பட்டிருந்தது. இவற்றுக்கு வணிகர் தனியாக எதுவும் தரவில்லை. ஒவ்வொன்றையும் பிரித்து, அட்டையில் ஏற்றி, வாங்குவோர் வரும்வரை காத்திருக்கும் கூலிக்கே அது போதாது.

மூன்றாம் வரி, நடுத்தர மதிப்புள்ள இருநூறு தலைகள். பட்டியல் கணக்கில் அவை 2,45,000 ரூபாய். இவற்றில் 1,25,000 ரூபாய்க்கு உரியவை பழுதானவை. பட்டியல் விலை பழுதில்லாத பிரதிக்கு உரியது என்பதை முன்னரே கண்டோம். கடற்கரையை அடுத்த நம் ஊர்களின் ஈரக்காற்றில் ஐம்பது மழைக்காலம் கண்ட தாளில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. சிலவற்றின் ஓரப் பற்கள் கிழிந்திருந்தன. சில, உறையிலிருந்து உரித்தபோது மெலிந்துபோயிருந்தன. பயன்படுத்தாத தலைகளின் பின்புறம் ஆல்பத்தில் ஒட்டிய தாளின் தழும்பு இருந்தது. நல்ல நிலையில் எஞ்சியவை 1,20,000 ரூபாய் பட்டியல் மதிப்புள்ளவை.

அவற்றையும் பட்டியல் விலைக்கு விற்க இயலாது. பட்டியலில் நூறு என்றால் அறுபதுக்குக் கேட்கும் சேகரிப்பாளரே அவரிடம் மிகுதி. எனவே அவர் எதிர்பார்க்கும் விற்பனை 72,000 ரூபாய். அதில் பாதிக்கு வாங்கினால்தான் தமக்குக் கட்டும் என்றார். 36,000 ரூபாய் வந்த வழி இதுதான்.

பாதி என்பது கொள்ளை இலாபமாகத் தோன்றலாம். வணிகவியல் படித்தவர்கள் என்ற முறையில் அதையும் கணக்கிட்டுப் பார்த்தோம். இருநூறு தலைகளும் ஒரே நாளில் விற்பனையாவதில்லை. சில முதல் மாதத்திலேயே போகும்; சில பத்து ஆண்டு பெட்டியில் கிடக்கும். பத்து விழுக்காடு கூட்டு வட்டியில் 100 ரூபாய் ஐந்து ஆண்டில் 161 ரூபாய் ஆகிறது. ஒருவர் 100 ரூபாய்க்கு வாங்கிய தலையை ஐந்து ஆண்டு கழித்து 161 ரூபாய்க்கு விற்றால் அவருக்கு ஈட்டம் ஏதும் இல்லை. முடங்கிய முதலுக்கான வட்டி மட்டுமே கிடைத்தது. கடை வாடகை, கண்காட்சிச் செலவு, விற்காமலே போகும் தலைகளின் நட்டம் ஆகியவை இதற்கு மேல். எல்லா வணிகரும் நேர்மையானவர் என்று நாம் வாதிடவில்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே இவ்வளவு இடைவெளி இருப்பதற்கு ஏமாற்று தேவையில்லை. அத்தொழிலின் இயல்பே போதும் என்கிறோம்.

தங்கத்தோடு ஓர் ஒப்பீடு

அந்த அம்மையார் நியாயமான ஒரு கேள்வி கேட்டார். வளையலுக்கு ஐந்து நிமிடத்தில் கடன் கொடுக்கும் வங்கி, இதற்கு ஏன் கொடுப்பதில்லை?

நகையை மதிப்பீட்டாளர் உரைத்துப் பார்க்கிறார், எடை போடுகிறார். கல்லின் எடையைக் கழிக்கிறார். அன்றாடம் வெளியாகும் தங்க விலையைக் கொண்டு பெருக்குகிறார். எந்த ஊர் மதிப்பீட்டாளர் பார்த்தாலும் விடையில் பெரிய வேறுபாடு வராது. கடன் திரும்பாவிட்டால் அந்நகையை உருக்கினாலும் தங்கம் தங்கமே. நகை வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்பி வருவதில்லை என்பதை நம் வாடிக்கையாளர்கள் அனைவரும் அறிவர். அதனால் யாரும் நகைக்கடையை வசைபாடுவதில்லை. உள்ளே உள்ள உலோகத்துக்குத் தனி விலை உண்டு என்பதே அந்த அமைதிக்குக் காரணம்.

அஞ்சல் தலையில் அத்தகைய உலோகம் இல்லை. அதன் விலை முழுவதும் இன்னொரு சேகரிப்பாளரின் விருப்பத்தைச் சார்ந்தது. அந்த விருப்பம் நாளுக்கு நாள் அறிவிக்கப்படுவதில்லை. எடை போட்டுப் பார்க்கவும் முடியாது. ஒரே ஆல்பத்துக்கு மூன்று வணிகர் மூன்று விதமாக விலை சொன்னதை நாமே கண்டோம். இப்படிப்பட்ட பொருளை ஈடாகப் பெறும் கடன் திட்டம் நமது வங்கியில் இல்லாததற்கு இதுவே காரணம்.

கணக்குப் பதிவியலில் நாம் பள்ளியிலேயே படித்த விதி ஒன்று இங்கு நினைவுக்கு வருகிறது. இறுதிச் சரக்கிருப்பை அடக்க விலையிலோ சந்தை விலையிலோ, எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும். முன்னெச்சரிக்கைக் கொள்கையின் வழிவந்த விதி அது. இங்குச் சந்தை விலை என்பது விற்றால், விற்பனைச் செலவு போக, கைக்கு வரும் தொகை. கடைக்காரர் தம் சரக்குக்குக் கடைப்பிடிக்கும் இவ்விதியைக் குடும்பங்கள் தம் சொத்துக்குக் கடைப்பிடிப்பதில்லை.

செய்தித்தாளில் வரும் தலைகள்

‘ஒரு தலை கோடிக்கு விலைபோனது’ என்ற செய்தியைப் படித்த எவருக்கும் நாம் இதுவரை சொன்னது ஏற்புடையதாகத் தோன்றாது. அச்செய்திகள் பொய்யல்ல. 1948 ஆகஸ்டு 15 அன்று மகாத்மா காந்தியின் நினைவாக வெளியான நான்கு தலைகளில் உயர்ந்தது 10 ரூபாய் மதிப்புடையது. அதில் 100 பிரதிகள் மட்டும் கவர்னர் ஜெனரலின் அலுவலகத்துக்கென ‘சர்வீஸ்’ என்ற மேலச்சு பெற்றன. அவற்றுள் பிரியாமல் இணைந்திருந்த நான்கு தலைகள் 2017இல் ஐந்து லட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டன. நூறு பிரதி என்பதையும் காந்தியடிகள் என்ற பெயரையும் சேர்த்துப் பார்த்தால் அந்த விலைக்குக் காரணம் புரியும். மேலச்சு இல்லாத பத்து ரூபாய்த் தலை, அதே முகத்தோடு, அதன் மிகச் சிறு பகுதி விலைக்கே கிடைக்கிறது. போலிகளும் அதில் ஏராளம்.

உச்சியில் உள்ள தலைக்குக்கூட ஏறுமுகம் உறுதியில்லை. 1856இல் அச்சான பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் மெஜந்தா, உலகில் ஒரே பிரதி மட்டும் அறியப்பட்ட தலை. 2014 ஜூன் மாதம் நியூயார்க் ஏலத்தில் கேள்வி 79 லட்சம் டாலரில் முடிந்தது. ஏல நிறுவனத்தின் கட்டணத்தையும் சேர்த்து வாங்கியவர் செலுத்தியது சுமார் 95 லட்சம் டாலர். ஏழு ஆண்டு கழித்து 2021 ஜூனில் அதே தலை மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது, கட்டணம் உட்பட சுமார் 83 லட்சம் டாலருக்கே போயிற்று. உலகின் மிகப் புகழ்பெற்ற தலையை ஏழு ஆண்டு வைத்திருந்தவருக்கு வட்டி கிடைக்கவில்லை. முதலும் முழுமையாகத் திரும்பவில்லை. வாங்கியவர் தந்த தொகை ஒன்று, ஏலத்தில் முடிந்த விலை வேறு. விற்றவரின் தரகு இருந்தால் அதையும் கழித்தே அவர் பெறுவார். ஏலச் செய்தியைப் படிக்கும்போது எந்தத் தொகை அச்சாகியிருக்கிறது என்பதையும் கவனிப்பது நலம்.

பட்டியல் விலையை நம்பிய நாடு

பட்டியல் விலையை உண்மை விலையாக நம்புவது ஒரு குடும்பத்தின் அளவில் நின்றால் இழப்பு சிறிது. ஸ்பெயின் நாட்டில் அது லட்சக்கணக்கான குடும்பங்களைத் தாக்கியது. அஃபின்சா, ஃபோரம் ஃபிலடெலிகோ என்னும் இரு நிறுவனங்கள் பொதுமக்களுக்கு அஞ்சல் தலைத் தொகுப்புகளை முதலீடாக விற்றன. குறிப்பிட்ட காலத்துக்குப் பின், வங்கி வட்டியைவிட மேலான இலாபத்துடன் தாமே திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தன. தலைகளுக்கு இட்ட மதிப்போ, சந்தையில் அவற்றுக்குக் கிடைக்கக்கூடிய தொகைக்கு வெகு மேலே இருந்தது. புதிதாகச் சேர்ந்தோர் கட்டிய பணமே பழையவர்களுக்கு இலாபமாகச் சென்றது. 2006 மே மாதம் அந்நாட்டு அரசு சோதனை நடத்தி இரண்டையும் நிறுத்தியபோது, சிக்கியிருந்தோர் நான்கு லட்சத்துக்கும் மேல். ஓய்வூதியர்கள் அவர்களில் பலர். நிறுவனங்களின் தலைமைப் பொறுப்பில் இருந்தோர் நீதிமன்றத்தால் தண்டிக்கப்படுவதற்குப் பத்து ஆண்டுக்கும் மேல் ஆயிற்று.

அம்முதலீட்டாளர்களின் பெயரில் தலைகள் இருந்தன. மதிப்பைக் காட்டும் அச்சிட்ட தாளும் இருந்தது. அந்த மதிப்பில் வாங்க அந்நிறுவனங்களைத் தவிர வெளியில் ஒருவரும் இல்லை என்பதே குறை. விற்பவரே விலையைச் சொல்லி, அவரே திரும்ப வாங்குவதாகவும் வாக்களிக்கும் எந்தத் திட்டம் வந்தாலும், அது அஞ்சல் தலையாயினும் தேக்கங்கன்றாயினும், நம் வாடிக்கையாளர்கள் ஸ்பெயினை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது?

பட்டியல் நூலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எந்தத் தலை எந்த ஆண்டைச் சேர்ந்தது, எது சாதாரணம், எது அரிது என்று தெரிந்துகொள்ள அதற்கு இணை வேறில்லை. ஆயிரம் தலைகளில் கவனித்துப் பார்க்க வேண்டிய இருபதைப் பிரித்துக் கொடுப்பது அதுவே. விற்பனை மதிப்பை அறிய மட்டும் வேறு இடத்துக்குச் செல்ல வேண்டும். அதே வகைத் தலை, அதே நிலையில், அண்மை ஏலங்களில் உண்மையில் என்ன விலைக்குப் போயிற்று என்பதைப் பாருங்கள். கேட்கும் விலையை விட்டுவிட்டு, முடிந்த விலையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரை மட்டும் நம்பாமல் மூவரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். ஐயத்துக்குரிய அரிய தலை இருந்தால், விற்பதற்கு முன் நிபுணரின் சான்றிதழ் பெறுங்கள். சான்றிதழின் செலவு தலையின் மதிப்புக்குத் தகுமா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பழைய கடித உறையிலிருந்து தலையை உரிக்காதீர்கள். மூன்றாம் வணிகர் ஆல்பத்தை விட்டுவிட்டுப் பன்னிரண்டு உறைகளைக் கேட்டதை நினைவில் கொள்ளுங்கள். எந்த ஊர் அஞ்சல் அலுவலகத்தில் எந்த நாள் முத்திரை விழுந்தது என்பதை உறை முழுமையாக இருந்தால்தான் அறிய முடியும். உள்ளூர் வரலாற்றைச் சேகரிப்போர் விரும்புவது அதைத்தான். வெட்டி எடுத்த சங்குத் தலை ஆயிரத்தில் ஒன்று; ஊர் முத்திரையோடு கூடிய உறை அப்படியல்ல.

பிள்ளைகளுக்காக இன்று வாங்கிச் சேர்க்கும் புதிய தலைகளைப் பற்றியும் ஒரு சொல். திருவனந்தபுரம் தலைமை அஞ்சலகத்தின் தலைப் பிரிவில் அவற்றை அச்சு மதிப்புக்கே வாங்கலாம். 200 ரூபாய் வைப்புடன் கணக்குத் தொடங்கினால் வீட்டுக்கே வந்துசேரும். அறிவுக்கும் மகிழ்ச்சிக்கும் அது சிறந்த செலவு. ஆயினும் நினைவுத் தலைகள் பெரும் எண்ணிக்கையில் அச்சாகின்றன. வாங்குவோரும் அவற்றைப் பத்திரமாகவே வைக்கின்றனர். எல்லோரும் பத்திரப்படுத்தும் பொருள் எளிதில் அரிதாவதில்லை. 1970களில் 25 பைசாவுக்கு வாங்கி வைத்த தலைகளில் பல, இடைப்பட்ட காலத்தின் விலைவாசி உயர்வுக்குக்கூட ஈடுகொடுக்கவில்லை. படிப்புச் செலவுக்குத் தொடர் வைப்பு, பொழுதுபோக்குக்கு அஞ்சல் தலை என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்வதே முறை.

பாகப்பிரிவினையில் இத்தகைய பொருள் இருந்தால் மூன்று வழிகள் உண்டு. விற்றுப் பணமாக்கி, அப்பணத்தைப் பிரிக்கலாம். அல்லது குடும்பத்துக்குள்ளேயே விலை கேட்கலாம். ‘இந்த ஆல்பத்தை உன் பாகத்தில் என்ன தொகைக்கு ஏற்றுக்கொள்வாய்?’ என்று ஒவ்வொருவரையும் தனித்தாளில் எழுதச் சொல்லி, மிகுந்த தொகை எழுதியவரிடம் கொடுக்கலாம். அன்று அண்ணனிடம் இக்கேள்வியைக் கேட்டிருந்தால் அவர் 4,30,000 எழுதியிருக்க மாட்டார். மூன்றாவது, நினைவுப்பொருள் என்று ஒருவரிடம் விட்டுவிட்டு, கணக்கில் சேர்க்காமலே இருக்கலாம். எதைச் செய்தாலும், பட்டியல் தொகையைப் பத்திரத்தில் எழுதி வைப்புத்தொகைக்கு எதிரே நிறுத்த வேண்டாம். ஓவியம், பழைய நாணயம், கடிகாரம் ஆகிய அனைத்துக்கும் இது பொருந்தும்.

அந்த அம்மையார் தம் நகையை ஈடாக வைத்துக் கடன் பெற்று மகளின் கட்டணத்தைச் செலுத்தினார். வணிகரின் தாளை அண்ணனிடம் காட்டினார். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, அடுத்த வாரம் கிளைக்கு வந்து, தங்கையின் நகைக்கடனில் பாதியைத் தாமே கட்டினார். மீதிப் பாதியைப் பற்றி இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றனர். ஆல்பத்தை அந்த அம்மையார் விற்கவில்லை. பன்னிரண்டு உறைகளில் ஒன்று, தம் பாட்டி காஞ்சிரங்குளத்திலிருந்து நாகர்கோவிலில் இருந்த தமக்கைக்கு எழுதியது என்று சொன்னார். அதற்கு என்ன விலை என்று அவர் நம்மிடம் கேட்கவில்லை.